வீட்டில் ஆட்டுப்பால் கறக்கக் குறைந்த செலவில் வேண்டிய சாமான்கள்

வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர் என்று வடசென்னையின் எந்தப் பகுதியிலும் இரண்டு மூன்று ஆடுகளை வீட்டோடு வைத்து வளர்க்கும் குடும்பங்களைக் காணலாம். பெரும்பாலோர் கறிக்காகவும் குட்டி விற்பனைக்காகவுமே வளர்க்கிறார்கள். குட்டிக்குப் போக மீதம் இருந்தால் ஒரு டம்ளர் பீய்ச்சித் தேநீருக்கு எடுத்துக்கொள்வதோடு சரி. தலைச்சேரி இன ஆடோ ஜமுனாபாரி இனக் கலப்போ வைத்திருப்பவர்கள் அந்தப் பாலை நாள்தோறும் முறையாகக் கறந்து வீட்டுக்குப் பயன்படுத்த விரும்பும்போதுதான், எந்தச் சாமானை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. இணையக் கடைகளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது மின்சாரக் கறவை இயந்திரம். மூன்று நான்கு ஆடு வரை அது தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல பாத்திரம், ஆடு அசையாமல் நிற்க ஒரு மேடை, சுத்தமான வடிதுணி, காம்பை நனைக்கும் மருந்து, பாலை உடனே குளிர வைக்கும் ஏற்பாடு ஆகிய ஐந்துக்கும் செலவிட்டால் பாலும் கெடாது, மடியும் கெடாது.

தலைச்சேரி ஆடு நல்ல தீவனத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரையும், ஜமுனாபாரி அதைவிடக் கூடுதலாகவும் கறக்கும். தெருவில் மேய்ந்து திரியும் நாட்டு ஆட்டின் பால் பெரும்பாலும் அதன் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். அத்தகைய ஆட்டை நம்பி எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். ஈன்ற முதல் சில நாள் சீம்பால் முழுவதும் குட்டிக்குரியது. இரண்டு மூன்று வாரம் கழித்து, இரவில் குட்டிகளை மட்டும் கூடையிலோ தனிக் கூண்டிலோ பிரித்து அடைத்து, விடியற்காலையில் ஒரு முறை கறந்துகொண்டு, பகல் முழுவதும் குட்டிகளைத் தாயோடு விட்டுவிடுவது நகரத்து வீட்டுக்கு மிகவும் ஏற்ற முறை. குட்டியும் இளைக்காது, மாலையில் வீடு திரும்ப நேரமானாலும் ஆட்டுக்கு மடி கட்டாது.

பாத்திரம்

கறவைப் பாத்திரம் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி மலிவானதும் எடை குறைந்ததும்தான். ஆனால் தேய்த்துக் கழுவும் ஒவ்வொரு முறையும் அதன் உட்புறத்தில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன, அவற்றில் பால்கொழுப்பு தங்கி வாடை பிடிக்கிறது, பிறகு எந்தச் சோப்பைப் போட்டாலும் அது முழுதாகப் போவதில்லை. அலுமினியம் காரமான சோப்பையும் அமிலத்தையும் தாங்காமல் அரித்துப்போகும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஈயம் பூசியவையானாலும் வேண்டாம். செம்பு மிகச் சிறிதளவு பாலில் கலந்தாலும் கொழுப்பு கெட்டுப் பாலில் விரும்பத்தகாத சுவை ஏறும்.

இரண்டு அல்லது மூன்று லிட்டர் கொள்ளும் தூக்கு ஓர் ஆட்டுக்குப் போதும். வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உட்புறம். கைப்பிடியின் காதுகள் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தால் அந்த ரிவெட்டின் தலை உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் இடுக்கில் பால் தங்கும். காது வெளிப்புறமாகப் பற்றவைக்கப்பட்டு, உட்புறம் வழுவழுப்பாக, அடி மூலை கூர்மையில்லாமல் வளைந்து இருக்கும் பாத்திரத்தையே எடுங்கள். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரிந்துவிடும். இரண்டாவது, உலோகத்தின் தரம். 304 என்ற வகையில் நிக்கல் கூடுதல். 202 என்ற வகையில் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்பு நீர்ப் பகுதிகளில் 202 வகை சில மாதங்களிலேயே துருப்புள்ளி காட்டக்கூடும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி நல்ல சரக்கு என்பார்கள். இந்த இரண்டு வகையிலுமே காந்தம் ஏறத்தாழ ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டாது. பாத்திரத்தின் அடியில் பொறித்த எண்ணைப் பார்ப்பதும், நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குவதுமே வழி. சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் சற்று நேரம் செலவிட்டால், கறவைக்கென்றே செய்த பாத்திரத்தைவிட மிகக் குறைந்த விலையில் அதே வேலையைச் செய்யும் தூக்கு கிடைக்கும்.

அதே தூக்கின் மூடியை ஒரு பாத்திரப் பட்டறையில் கொடுத்து, பாதியளவு பிறைவடிவில் வெட்டி, வெட்டிய விளிம்பைக் கை கிழிக்காதபடி மடித்துத் தரச் சொல்லுங்கள். கறக்கும்போது வாயின் பாதி மூடியிருக்க, திறந்த பாதியில் பால் விழும். ஆட்டின் வயிற்றிலிருந்து உதிரும் மயிர், தோல் செதில், புழுக்கைத் துணுக்கு ஆகியவற்றில் பெரும்பகுதி மூடியின் மேலேயே நின்றுவிடும். பாலில் விழுந்த பின் வடிகட்டுவதைவிட விழாமல் தடுப்பது எவ்வளவோ மேல். ஏனென்றால் துணி மயிரைத் தடுக்குமே தவிர அந்த மயிரோடு வந்த கிருமி பாலில் கரைந்து இறங்குவதைத் தடுக்காது. எண்ணூர், அத்திப்பட்டு போலக் காற்றில் சாம்பல் தூசி வரும் இடங்களில் இந்தப் பாதி மூடி இல்லாமல் திறந்த வெளியில் கறக்கவே கூடாது.

கறக்கும் பாத்திரமும் சேர்த்து வைக்கும் பாத்திரமும் வேறு வேறாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆட்டையும் கறந்து முடித்தவுடன், ஆட்டின் கால் எட்டாத இடத்தில் வைத்துள்ள பெரிய தூக்கில் வடித்து ஊற்றிவிட வேண்டும். ஓர் ஆடு உதைத்தால் அந்த ஆட்டின் பால்தான் போகும், அன்றைய பால் முழுவதும் போகாது.

இவற்றோடு கருப்பு அல்லது அடர்நீல நிறத்தில் உட்புறமுள்ள ஒரு சிறு கோப்பையும் வேண்டும். கறவையைத் தொடங்கும்போது ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை இதில் பிடித்துப் பார்க்க வேண்டும். திரி, கட்டி, நீர்த்தன்மை, இரத்தச் சாயல் எதுவாக இருந்தாலும் இருண்ட பின்னணியில் உடனே தெரியும். காம்பின் நுனியில் தங்கியிருக்கும் முதல் பாலில் கிருமி அதிகம் என்பதால் அதை எப்படியும் சேர்க்கக் கூடாது. தரையில் பீய்ச்சினால் ஈ மொய்க்கும்.

மேடை

ஆடு கறப்பதில் பாதிப் பாடு அதை அசையாமல் நிற்க வைப்பதுதான். ஒருவர் தலையைப் பிடிக்க மற்றொருவர் தரையில் குந்திக் கறப்பது வழக்கம். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் வீட்டில் அது நெடுநாள் நடக்காது. பாத்திரம் தரையோடு இருப்பதால் மூத்திரத் துளியும் தூசியும் எளிதில் தெறிக்கும். கறப்பவரின் முதுகும் முட்டியும் நோகும். தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி உயரத்தில், நாலடி நீளமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள ஒரு மேடை, அதன் முன்புறத்தில் கழுத்தை நிறுத்த இரண்டு செங்குத்துச் சட்டங்கள், அவற்றுக்கு அப்பால் ஒரு தீவனத் தட்டு ஆகியவை அமைந்துவிட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீர்ந்து, ஒருவரே தனியாகக் கறந்துவிடலாம்.

மரத்துக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. துறைமுகத்தையும் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளையும் சுற்றியுள்ள பழைய மரக் கடைகளில், சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் பேலட் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டின் பக்கவாட்டில் கதிர் போன்ற ஒரு முத்திரையும் அதன் அருகே ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்றிருந்தால் அந்த மரம் பூச்சியை ஒழிப்பதற்காகச் சூடேற்றப்பட்டது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இடப்பட்டது. ஆடு நக்கவும் கடிக்கவும் கூடிய பொருளுக்கு அது கூடவே கூடாது. முத்திரை எதுவாயினும், எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள்.

கழுத்துச் சட்டம்தான் மேடையின் உயிர். இரண்டு சட்டங்களில் ஒன்றை மேலும் கீழும் அசையாமல் பொருத்திவிட்டு, மற்றொன்றைக் கீழ்ப்புறம் ஒரே ஒரு போல்ட்டில் நிறுத்தினால் அது மேல்புறத்தில் கதவைப்போல் சாய்ந்து திறக்கும். ஆடு கொம்போடு தலையை நுழைக்கும் அளவுக்கு, மேலே ஓர் அடி வரை அது திறக்க வேண்டும். மூடிக் கொக்கியை மாட்டியபின் கழுத்து நிற்கும் இடத்தில் சுமார் 4 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். பெரிய ஜமுனாபாரிக்கு இன்னும் அரை அங்குலம் கூட்டலாம். தலையைப் பின்னால் இழுக்க முடியாமலும், அதே வேளையில் தொண்டை அழுந்தாமல் மெல்லவும் விழுங்கவும் முடிகிற அளவே சரியானது. ஆகவே கொக்கிக்கு ஒரே துளை போடாமல் இரண்டு மூன்று துளைகள் போட்டு வைத்தால் எல்லா ஆட்டுக்கும் பொருந்தும். சட்டத்தின் உள்விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு நன்றாக உருட்டித் தேய்த்துவிட வேண்டும்.

மேடையின் மேல் ரப்பர் விரிப்பு ஆணியடித்துப் போடுங்கள். பழைய லாரி டயரின் டியூபை வெட்டி விரித்தாலும் போதும். வழுக்கும் பலகையில் ஒரு முறை கால் சறுக்கிய ஆடு அடுத்த நாள் மேடையைக் கண்டாலே திமிறும். கோணிச் சாக்கும் தென்னைநார் விரிப்பும் மூத்திரத்தை உறிஞ்சி நாறுவதால் அவற்றைத் தவிர்க்கலாம். கடற்காற்று வீசும் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் பகுதிகளில் இரும்புக் கீலும் போல்ட்டும் ஓராண்டு கூடத் தாங்காது என்பதால், துத்தநாகம் பூசியவற்றையோ எவர்சில்வரையோ வாங்குங்கள்; வேறு இரும்பு எதைப் பயன்படுத்தினாலும் ரெட் ஆக்சைடு பூசி அதன்மேல் வண்ணம் அடித்துவிட வேண்டும்.

இடம் சிறியது என்பதே பலருக்குத் தடை. அவர்கள் மேடையின் நீளவாட்டு விளிம்பு ஒன்றைக் கீல் கொண்டு சுவரோடு பொருத்தி, மறுபக்கத்துக்கு மடக்கும் கால் இரண்டு வைத்தால், கறந்து முடித்தபின் பலகையைத் தூக்கிச் சுவரோடு மாட்டிவிடலாம். மாடிப்படிக்கு அடியிலுள்ள இடமே போதும். கழுத்துச் சட்டத்தை அப்போது தனியாகச் சுவரில் நிலையாக வைக்க வேண்டும். அதற்கும் வழியில்லாத வாடகை வீட்டில், ஆட்டைச் சுவரின் மூலையில் பக்கவாட்டாக நிறுத்தி, கழுத்துப்பட்டையைக் குறுங்கயிற்றால் ஒரு வளையத்தில் மாட்டி, வாய்க்கு நேரே தீவனச் சட்டியை வைத்துக் கறக்கலாம். மேடைக்கு இது ஈடில்லை என்றாலும், சாதுவான ஆட்டுக்குப் போதும்.

மேடை தயாரானவுடனே கறக்கத் தொடங்கிவிடாதீர்கள். சினையாக இருக்கும்போதே சில நாள் அதன்மேல் ஏற்றி, தவிடும் ஊறவைத்த கடலைப்புண்ணாக்கும் வைத்து, மடியைத் தடவி இறக்கிவிட்டால், ஈன்றபின் தானாகவே ஏறி நிற்கும். வெங்காயத் தழை, பூண்டுத் தோல், கோஸ், காலிஃபிளவர் இலை போன்ற சந்தைக் கழிவுகளைக் கறவைக்கு முன் கொடுக்க வேண்டாம். அவற்றின் வாடை சில மணி நேரத்துக்குள் பாலில் ஏறிவிடும். கறந்தபின் கொடுத்தால் அடுத்த கறவைக்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆட்டுப்பால் என்றாலே கவிச்சு வாடை என்று பலர் ஒதுக்குவதற்குக் காரணங்கள், கிடாவைப் பக்கத்திலேயே கட்டுவதும், பாலைச் சரியாகக் குளிர வைக்காததும், இந்தத் தீவன வாடையும்தான்.

மடியும் கையும்

மடியைச் சுற்றியுள்ள நீண்ட மயிரை மாதம் ஒரு முறை கத்தரித்துவிடுங்கள். கறவைக்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காம்பையும் மடியின் அடிப்பகுதியையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்துணி; பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து ஒரு கட்டு வைத்துக்கொண்டால் செலவே இல்லை. மடி முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது தவறு, ஏனென்றால் மேலிருந்து வழியும் அழுக்கு நீர் காம்பின் நுனியில் வந்து நிற்கும், அங்கிருந்து கறக்கும் கைக்கும் பாலுக்கும் போகும். இந்தத் துடைப்பு சுத்தத்துக்கு மட்டுமானதன்று. காம்பைத் தொட்டுத் துடைக்கும்போது ஆட்டின் உடலில் ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிடமே நீடிக்கும் என்பதால், துடைத்த சூட்டோடு தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் கறந்து முடித்துவிட வேண்டும்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேற்பகுதியை மடியோடு சேரும் இடத்தில் வளைத்து மூடிக்கொண்டு, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் காம்பிலுள்ள பால் கீழே பீய்ச்சும். பிடியைத் தளர்த்தினால் மறுபடி நிரம்பும். காம்பைக் கீழ்நோக்கி இழுக்கவே கூடாது. விரலிடுக்கில் பிடித்து உருவிக் கறப்பதும், கட்டைவிரலை மடக்கி அதன்மேல் அழுத்திக் கறப்பதும் காம்பின் உட்தோலை நசுக்கி மடி அழற்சியான மடிநோய்க்கு வழிசெய்யும். கை உலர்ந்திருக்கட்டும். எச்சிலோ பாலோ தொட்டுக் கறக்கும் வழக்கத்தை உடனே விட்டுவிடுங்கள். தலையீற்று ஆட்டின் காம்பு மிகச் சிறியதாக இருந்தால் இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும் கொண்டு அழுத்திக் கறக்கலாம். அடுத்த ஈற்றில் காம்பு சற்று நீளும்.

கறந்து முடிந்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. அரைமணி நேரம் வரை திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஆடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் ஏறும். ஆகவே கறந்தவுடன் காம்பு நுனியை அயோடின் மருந்தில் நனைப்பதும், பிறகு தழை போட்டு அரைமணி நேரமாவது நிற்க வைப்பதும் கட்டாயம். மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடக் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல் இதற்கு ஏற்றது. 5 சதவீதக் கரைசலில் 0.5 சதவீத அயோடின் கிடைக்கும். காம்பு நனைக்க அந்த வலிமை போதும். 10 சதவீதக் கரைசலாக இருந்தால் காய்ச்சி ஆறிய நீரைச் சம அளவில் கலக்கலாம். 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிலிட்டர் கிளிசரின் சேர்த்தால் காம்பு வெடிக்காது. நுரை வரும் ஸ்க்ரப் வகையை வாங்கிவிடாதீர்கள், அது கை கழுவுவதற்கானது. இருமல் மருந்தோடு வரும் அளவுக் கோப்பையில் சிறிது ஊற்றி, இரண்டு காம்பையும் நனைத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அழுக்கேறிப் பழுப்பு நிறம் வெளுத்த கரைசலுக்கு வலிமை இருக்காது. கறந்தவுடன் குட்டியை ஊட்ட விடுவதானால் அந்த வேளையில் மருந்து வேண்டாம்.

வடிப்பதும் குளிர வைப்பதும்

தேநீர் வடிகட்டி பெரிய தூசியை மட்டுமே நிறுத்தும். வெள்ளை மல்லுத்துணியை நான்காக மடித்து, சேமிப்புத் தூக்கின் வாயில் கட்டி வடித்தால் நல்லது. துணியை அன்றன்றே குளிர்ந்த நீரில் அலசி, சோப்பில் துவைத்து, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். நிழலில் ஈரமாகக் கிடந்த துணி பாலைக் கெடுக்கும். நாலைந்து துணிகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் மழைக்காலத்திலும் தட்டுப்பாடு வராது.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் வேலைக்கு வருகிறேன். மடியிலிருந்து பால் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் வருகிறது. சென்னையின் காற்றில் அது தானாக ஆறக் காத்திருந்தால், கிருமிகள் அரைமணிக்கு ஒரு முறை, சில அதைவிட விரைவாகவே, இரட்டிப்பாகும். உடனே காய்ச்சிவிடுவதானால் இந்தக் கவலை இல்லை. மாலை வரை பச்சையாக வைத்திருந்து காய்ச்சுவதானால் இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பால் தூக்கை நேராகக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது நடக்காது. காற்று சூட்டை மெல்லத்தான் எடுக்கும், தண்ணீர் அதைவிடப் பல மடங்கு விரைவாக எடுக்கும். ஆகவே ஓர் அகலமான குண்டானில் பாதிக்குத் தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டு, அதற்குள் மூடிய தூக்கை வைத்து, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது பாலைக் கிளறிவிட்டால் அரைமணிக்குள் நன்றாகக் குளிர்ந்துவிடும். பிறகு குளிர்ப்பெட்டிக்கு மாற்றலாம். இரவில் தண்ணீர்ப் புட்டிகளை உறைய வைத்துக்கொண்டால் பனிக்கட்டிக்குத் தனிச்செலவு இல்லை. காசிமேட்டில் மீனுக்காக விற்கும் பார் ஐஸையும் பயன்படுத்தலாம், ஆனால் அது பாத்திரத்துக்கு வெளியே மட்டுமே இருக்க வேண்டும். குடிநீரில் செய்யாத அந்தக் கட்டியின் ஒரு துளிகூடப் பாலில் விழக்கூடாது.

எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். மால்டா காய்ச்சல் என்று சொல்லப்படும் புருசெல்லா நோய் ஆட்டுப்பால் வழியாக மனிதருக்குத் தொற்றக் கூடியது. ஆடு பார்வைக்கு நலமாக இருக்கும்போதே அது பாலில் இருக்கலாம். பொங்கும் வரை காய்ச்சுவதே வீட்டுக்குப் போதுமான பாதுகாப்பு. பாலாடைக்கட்டி செய்ய விரும்புவோர் பொங்கவிடாமல் 63 டிகிரியில் அரைமணி நேரம் நிறுத்திக் காய்ச்சலாம். அதற்கு ஒரு சமையல் வெப்பமானி தேவைப்படும்.

கழுவுதல்

பால் பட்ட பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலசிய பின், சோப்பும் சூடான நீரும் கொண்டு தேய்த்து, மறுபடி அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கம்பி நார் வேண்டாம், அது கீறும். வடசென்னையின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. மீஞ்சூரைச் சுற்றிக் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அத்தகைய நீரில் கழுவும் பாத்திரத்தில் வெண்மையான பால்கல் படியும், அதற்குள் கிருமி ஒளிந்திருக்கும். வாரம் ஒரு முறை, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துப் பாத்திரத்தை ஊற வைத்துத் தேய்த்தால் அது நீங்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீர் வாரியத்தின் குழாய் நீரை ஒதுக்கி வையுங்கள்.

கறவைக்குச் சற்று முன், 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 4 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்து பாத்திரத்தை ஒரு நிமிடம் அலசி வடித்துவிட்டால் கிருமி நீக்கம் முழுமையாகும். எலுமிச்சை உப்பையும் இதையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். நெடுநேரம் ஊற வைத்தால் குளோரின் எவர்சில்வரையும் அரிக்கும்.

கறவை இயந்திரம்

கைவலி, மூட்டுவாதம் காரணமாகக் கறக்க முடியாதவர்களும், ஆறேழு ஆட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களும் இயந்திரத்தை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: அதில் பல்சேட்டர் இருக்க வேண்டும். நல்ல இயந்திரம் காம்பை இடைவிடாமல் உறிஞ்சாது. நிமிடத்துக்கு 70 முதல் 90 முறை உறிஞ்சலும் தளர்வும் மாறி மாறி வரும், அந்தத் தளர்வில்தான் காம்பில் இரத்தம் ஓடும். ஆட்டுக்கு உறிஞ்சுவிசை 35 முதல் 40 கிலோபாஸ்கல் அளவில் இருப்பது வழக்கம். கைப்பம்பும் ஊசிக்குழலும் புட்டியும் சேர்த்து விற்கும் மலிவான கருவிகளிலும், சில சிறு மின்கருவிகளிலும் பல்சேட்டரும் இல்லை, விசையைக் காட்டும் மானியும் இல்லை. பால் நின்ற பிறகும் தொடர்ந்து உறிஞ்சினால் காம்பு நுனி சிவந்து தடித்து, நாளடைவில் மடிநோய் வரும். மலிவு என்பதற்காக அவற்றை வாங்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். மேலும், இயந்திரத்தின் ரப்பர்க் குழாய்களைக் கழுவ ஆகும் நேரத்தில் இரண்டு ஆட்டைக் கையாலேயே கறந்துவிடலாம்.

மடிநோயைக் கண்டறிதல்

கண்ணுக்குத் தெரியாத மடிநோயைச் சலவைத் தூளைக் கொண்டே வீட்டில் சோதிக்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் 3 கிராம் தூளைக் கரைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு காம்பின் பாலையும் தனித்தனியே சிறிது பீய்ச்சி, ஒவ்வொன்றிலும் சம அளவு கரைசலை ஊற்றித் தட்டைச் சுழற்றுங்கள். பால் கூழ்போல் கெட்டியானால் மடியில் அழற்சி இருக்கிறது. ஆட்டுப்பாலில் இப்படிக் கெட்டியாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை பசும்பாலைவிட இயல்பாகவே கூடுதல் என்பதால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இலேசாகத் தடித்தால் அஞ்ச வேண்டாம். ஒரு பக்கம் நீராகவும் மறுபக்கம் கூழாகவும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாதம் இரண்டு முறை இதைச் செய்வது நல்லது. சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

மடி சூடாக, கல்லாக இறுகியிருந்தாலோ, பாலில் இரத்தமோ திரியோ தொடர்ந்து வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வளர்ப்பு முறைகள் பற்றி அறிய, மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தை அணுகலாம். அடைத்த காம்பைத் திறக்கிறேன் என்று ஈர்க்குச்சியையோ குழாயையோ யாரும் உள்ளே செலுத்த விடாதீர்கள். அதோடு அந்தப் பக்க மடி போய்விடக்கூடும். மருந்து ஏற்றிய ஆட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்த நாள் முடியும் வரை வீட்டிலும் பயன்படுத்தாதீர்கள், குட்டிக்கும் கொடுக்காதீர்கள்.

ஆடு மறுபடி சினையாகி, ஈனுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்திவிட வேண்டும். சாமான்களைப் பழுது பார்க்க அதுவே தக்க காலம். வடிதுணிகளைத் தூக்கியெறிந்து புதியவற்றை வெட்டிக்கொள்ளுங்கள். பாத்திரங்களை எலுமிச்சை உப்பில் ஊற வைத்துக் கழுவி, முழுதாக உலர்ந்தபின் மூடியைத் தனியே கழற்றி வையுங்கள். மேடையின் ரப்பரை எடுத்து அடிப்பலகை ஊறி உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கீலுக்கும் போல்ட்டுக்கும் எண்ணெய் விடுங்கள். திறந்து ஆறு மாதமான அயோடின் புட்டியை மாற்றிவிடுங்கள்.